ஓட்டம் பிடித்த வாத்துகள்

ஆஷிகாவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்த வானதி, வாய்க்கால் பாலத்தில் கீழே விழுந்தாள். பாலத்தில் வேகமாகத் திருப்பியது ஆஷிகாதான். வானதிக்குக் கால் எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

இருவரும் முத்துப்பேட்டையில் ஆறாம் வகுப்பு படிக்கிறார்கள். இனி வானதி ஆறு வாரம் வீட்டில்தான்.

ஆஷிகாவின் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. துபாய்க்கு வேலைக்குப் போகும்போது அவளுடைய அத்தா விட்டுச் சென்றது. அதை இயக்கிவிட்டுப் போய் ஒரு டம்ளர் டீ குடித்துவிட்டு வரலாம். அப்போதுதான் திரையில் ஏதாவது தெரியும்.

அதில் இரண்டு வாரம் உட்கார்ந்து, வானதிக்காக ஒரு விளையாட்டு எழுதினாள். அறுப்பு முடிந்த வயலில் இருபது வாத்துகள் மேயும். அவை வாய்க்காலில் இறங்குவதற்குள் பட்டிக்குள் ஓட்டிவிட வேண்டும்.

சனிக்கிழமை அதைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு வானதி வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த வானதியின் அம்மா, "உள்ள இருக்கா, போ" என்று மட்டும் சொன்னார்.

வானதி கட்டிலில் சாய்ந்திருந்தாள். மடியில் அம்மாவின் புது லேப்டாப்.

"நானே செஞ்ச கேம்டி. ஆடிப் பாரு" என்றாள் ஆஷிகா.

வானதி பொத்தானை அழுத்தினாள். வயலின் குறுக்கே ஏதோ வெள்ளையாக ஓடி மறைந்தது. 'இருபது வாத்தும் வாய்க்காலில்! நீ தோற்றுவிட்டாய்!' என்று எழுத்து வந்தது.

"வாத்து எங்கடி?"

"போயிடுச்சு போல."

மறுபடியும் ஆடினாள். அதே கதை. மூன்றாம் முறை வானதி கண் சிமிட்டாமல் பார்த்தாள். கடைசி வாத்தின் வால் மட்டும் தெரிந்தது.

"நடக்கவே முடியாம கிடக்கேன். என்னைக் கிண்டல் பண்ணவா இதைக் கொண்டாந்தே?"

"இல்லடி, எங்க வீட்டுல..."

"எனக்குத் தூக்கம் வருது." வானதி லேப்டாப்பை மூடினாள்.

ஆஷிகா வீடு வரை சைக்கிளில் ஏறவே இல்லை. தள்ளிக்கொண்டே வந்தாள்.

பழைய கம்ப்யூட்டரில் வாத்துகள் எப்போதும்போல ஆடி அசைந்து நடந்தன. நெடுநேரம் பார்த்தபிறகு அவளுக்குப் புரிந்தது. தான் எழுதியதைக் கம்ப்யூட்டர் ஒருமுறை படித்து முடித்தால், வாத்து ஒரு அடி வைக்கும். பழைய கம்ப்யூட்டர் ஒருமுறை படிப்பதற்குள் புதியது நூறு முறை படித்துவிடுகிறது!

ஒவ்வொரு அடிக்கும் நடுவே லட்சம் வரை எண்ணச் சொல்லி எழுதினாள். வாத்துகள் அசையாமல் நின்றன.

"எல்லாம் தூங்குதா?" என்று எட்டிப் பார்த்தார் அம்மா.

"எண்ணிக்கிட்டு இருக்கும்மா."

திரையின் மூலையில் மணி ஐந்து நாற்பத்திரண்டு. சுவர்க் கடிகாரத்திலும் அதேதான். கம்ப்யூட்டர் எவ்வளவு மெதுவாக இருந்தாலும் அதன் கடிகாரம் மட்டும் சரியாக ஓடியது. அப்படியென்றால் வானதியின் லேப்டாப்பிலும் இப்போது இதே மணிதான்!

எண்ணுவதை அழித்தாள். ஒரு நொடிக்கு நான்கு அடி, கடிகாரத்தைப் பார்த்து வை என்று வாத்துகளுக்கு எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை வானதி பென் டிரைவைச் சந்தேகமாகப் பார்த்தாள். "மறுபடியுமா?"

"ஒரே ஒரு தடவை."

வாத்துகள் வாலை ஆட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக வந்தன. வானதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பதினோரு வாத்துகளைப் பட்டியில் அடைத்தாள்.

"தப்பு என்னோடதுதான்டி. வாத்து ஓடினதும், நீ விழுந்ததும்" என்றாள் ஆஷிகா.

வானதி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வேகமாப் போடின்னு கத்தினதே நான்தானே. அம்மாகிட்ட அதை இன்னும் சொல்லல. இன்னிக்குச் சொல்லிடறேன்."

அன்று சாயங்காலம் இருவரும் அவரவர் வீட்டில், போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். வானதி மூன்று எண்ணினாள். இரண்டு வீட்டிலும் வாத்துகள் ஒரே நேரத்தில் கிளம்பின.

ஆஷிகா அடைத்தது பதினாறு. வானதி பத்தொன்பது.

"உன் கேம்லயே உன்னை ஜெயிச்சுட்டேன்டி!" என்று வானதி போட்ட சத்தத்தில் போன் கரகரத்தது.

"சரி சரி, அடுத்தது எண்ணு" என்றாள் ஆஷிகா.