வலப்பக்கம் திரும்பும்போது

வலப்பக்கம் திரும்பும்போது மட்டும் அந்தச் சத்தம் வந்தது. நேராகப் போனால் இல்லை, இடப்பக்கம் ஒடித்தாலும் இல்லை. வலப்பக்கம் ஸ்டியரிங்கைச் சுழற்றினால், பின்னால் எங்கோ, டொக். ஒரே ஒரு தடவை. பெரிய சத்தமும் இல்லை. மரப்பெட்டிக்குள் தேங்காய் உருண்டு மோதியது போல அமுங்கிய சத்தம்.

ரங்கநாதன் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ரயில் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டி, எழுகிற ஒலியை வைத்தே விரிசலைக் கண்டுபிடிப்பவர். அவர் காதுக்கும் இது பிடிபடவில்லை. முசிறிக்காரர் ஒருவரிடம் வாங்கிய பழைய கார் அது. வாங்கியதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் அதன் அடியிலேயே படுத்துக் கிடந்தார்.

அவர் மனைவி பானுமதி வேறொன்றைக் கவனித்திருந்தாள். பின் சீட்டின் இடப்பக்கக் கண்ணாடியில், உட்புறம், ஓர் எண்ணெய்க் கறை. சின்னப் பிள்ளை ஒன்று சாய்ந்து தூங்கினால் தலை படுகிற உயரம். ஈரத்துணியால் துடைத்தாள். மறுநாள் காலையில் அது அதே இடத்தில் இருந்தது. முகர்ந்து பார்த்தாள். தேங்காயெண்ணெய். கணவரிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு துடைக்கவும் இல்லை.

அவர்களுடைய மகள் கனிஷ்கா போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. மருந்தில் முடியெல்லாம் கொட்டி, கடைசி மாதங்களில் மொட்டைத் தலையில் குல்லாவோடு கிடந்தாள். பானுமதி அந்த மாதங்களை நினைப்பதில்லை. அதற்கு முந்திய கனிஷ்காவைத்தான் நினைப்பாள். முசிறியில் அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பும் பஸ்ஸில், காவேரிக் கரை நெடுக, ஜன்னல் கண்ணாடியில் தலை மோத மோதத் தூங்குகிறவளை. கண்ணாடிக்கும் அந்தத் தலைக்கும் நடுவே பானுமதி தன் உள்ளங்கையை வைத்துக்கொள்வாள். ஸ்டாப் வருவதற்குள் கை மரத்துப் போகும். எடுக்கமாட்டாள்.

தினமும் விளக்கேற்றும்போது அவள் பெருமாளிடம் கேட்டது ஒன்றுதான். இன்னும் ஒரே ஒரு தடவை என் பிள்ளையை என் மடியில் போடு.

தென்னூரில் மெக்கானிக் உஸாமா காரைத் தூக்கி நிறுத்தி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"ஆக்ஸில் ஜாயிண்ட் போயிருந்தா, திருப்பி முடிக்கிற வரைக்கும் டக்டக்குன்னு விடாம அடிக்கும்ணே. இது ஒரு தட்டு தட்டிட்டு கம்முனு ஆயிடுது. ரயிலையே தட்டிப் பாக்குற ஆளு நீங்க. உங்களுக்கே தெரியலேன்னா நான் எங்க போக?"

"நக்கலா? என்ன பண்ணணும்னு சொல்லுப்பா."

"பின்னாடி ஒருத்தர உக்கார வச்சு, காதக் குடுத்துக் கேக்கச் சொல்லுங்க. ரெண்டு பக்கமும் திருப்பிப் பாருங்க." பின் கதவைச் சாத்தப் போனவன் நின்றான். "என்னக்கா, இந்தப் பக்கம் சீட்டு நனைஞ்சிருக்கு? தண்ணி பாட்டில் கொட்டிடுச்சா?"

பானுமதி கதவைத் தானே சாத்தினாள்.

அன்று சாயங்காலம், தூறல் விட்டதும் ஸ்ரீரங்கம் போனார்கள். கோயிலைச் சுற்றியிருக்கும் சித்திரை வீதிகளில் ஒரு சுற்றுக்கு நாலு திருப்பம் கிடைக்கும். டிரைவர் சீட்டுக்குப் பின்னால், வலது ஓரத்தில் பானுமதி உட்கார்ந்தாள். பக்கத்தில் காலி சீட்டு.

"ரெண்டு பக்கமும் திருப்பச் சொன்னானேங்க."

"பெருமாளை இடமாச் சுத்தச் சொல்றியா? வலமாவே போவோம். சத்தமும் அதுலதானே வருது."

துளசி மாலைக் கடைகளின் மஞ்சள் வெளிச்சம் ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் வழுக்கிப் போனது. ஈர மண்ணும் பூவும் மணத்தன. ஜன்னல்களை ஏற்றிவிட்டார்கள், சத்தம் கேட்பதற்காக. அப்போதும் ஈர வாசம் போகவில்லை. வெளியே இருந்த வாசமும் இல்லை அது. ஆற்றுச் சேறு. நனைந்த துணி. அதற்கு மேல் தேங்காயெண்ணெய்.

முதல் முனை. வண்டி வலப்பக்கம் திரும்பியது.

டொக்.

மிகப் பக்கத்தில். ஒரு கை நீளத்தில், அந்தக் கண்ணாடியில்.

அவளுக்குத் தெரிந்த சத்தம். இரும்பில் இரும்பு படும் சத்தம் இல்லை. அதனால்தான் அவருக்குப் பிடிபடவில்லை. காலி சீட்டைப் பார்த்தாள். ரெக்ஸின் மெல்ல அமுங்கியிருந்தது.

அடுத்த முனை. டொக்.

"கேட்டியா? எங்கேருந்து வருது?"

அவளுக்குக் கதவைத் திறந்து குதித்துவிடலாமா என்றிருந்தது. ஆனாலும் ஒரு பிள்ளையின் தலை அடிபடுகிறதென்றால் கை தானாக நீளும். இடது கை நீண்டது. போய்க் கண்ணாடியில் பதிந்தது.

மூன்றாவது முனை. சத்தம் இல்லை.

உள்ளங்கையில் வந்து விழுந்தது. உருண்டையாக. குளிர்ந்து. கனமாக.

"நின்னுடுச்சு பானு!" முன்னால் அவர் சிரித்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் சிரித்துக் கேட்கிறாள்.

நாலாவது முனைக்கு முன்னால் போலீஸ் கட்டை போட்டிருந்தது. "பெருமாள் வர்றாரு சார். வந்த வழியே திரும்பிப் போங்க."

"வேற வழியே இல்லீங்களா?" கேட்டுப் பார்த்தார். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டு, ரிவர்ஸ் எடுத்து, வந்த வழியே ஓட்டினார். முனையில் இடப்பக்கம் திரும்ப வேண்டியிருந்தது.

வண்டி இடப்பக்கம் வளைந்தது.

கையிலிருந்த கனம் நகர்ந்தது. ரெக்ஸினில் ஈரத்துணி உரசியது. மெதுவாக, தூக்கக் கலக்கத்தில் சரிகிற பிள்ளை போல, அது அவள் மடியில் வந்து விழுந்தது.

கேட்டது கிடைத்துவிட்டது. "கனிம்மா," என்றாள், குரல் எழும்பாமல். தலையைத் தடவினாள்.

விரல்கள் நின்றன.

முடி. ஈரமாக, அடர்த்தியாக. இரட்டைப் பின்னல். நுனியில் ரிப்பன் முடிச்சு. பின்னலில் ஆற்று மணல்.

கனிஷ்காவுக்கு ஏது முடி?

மடி நனைந்தது. தொடை வழியாகத் தண்ணீர் இறங்கியது. தள்ளிவிடலாம். கத்தலாம். அவர் வண்டியை நிறுத்துவார். முசிறிக்காரர் ஏன் காரை விற்றார் என்று அவர்கள் கேட்கவே இல்லை. இவள் எத்தனை நாளாக இந்தக் கண்ணாடியில் அடிபட்டுக்கொண்டிருந்தாளோ.

பானுமதி முந்தானையை இழுத்து அந்தச் சின்ன உடம்பின் மேல் போர்த்தினாள்.

"யாரு பெத்த புள்ளையோ," என்றாள். "தூங்கும்மா."

முகத்தில் ஒட்டிய ஈர முடியை ஒதுக்கக் கையை வைத்தாள்.

"சரியாயிடுச்சு பானு," முன்னாலிருந்து அவர் சொன்னார். "இனிமே சத்தமே வராது."

அவள் உள்ளங்கைக்கு அடியில், ஈர இமைகள் இரண்டு மெல்லத் திறந்தன.