டிங்சர் போட்ட வெங்காயம்

பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரின் ஒரு கை மைக்ராஸ்கோப் பெட்டியின் மூடிமேல் இருந்தது. மறு கையில் கடிகாரம். பெட்டிச் சாவி அவர் சட்டைப் பையில். அரியலூர் போகும், கரி எரித்து ஓடும் பஸ் கடைத்தெருவில் புகைந்துகொண்டிருந்தது.

பெரம்பலூர்ப் பள்ளிக்கூடத்துக்கு அந்த மைக்ராஸ்கோப் இரவலாக வந்திருந்தது. இன்று பிள்ளைகள் சரியாகப் பதில் சொன்னால் இங்கேயே இருக்கும். இல்லையென்றால் அரியலூர்ப் பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஏறிவிடும்.

"சட்டாம்பிள்ளை யாரு?"

வகுப்புத் தலைவன் கண்ணையன் எழுந்தான். வெங்காய மண்டிக்காரர் மகன்.

"குருவிப் பாட்டு தெரியுமா?"

"தெரியுங்க சார். கடைக்காரரோட தராசுத் தட்டுல குருவி கூடு கட்டிடுது. குஞ்சு பறக்குற வரைக்கும் அவரு கடையைத் திறக்கலை."

"சரி, பாட்டோட மையக் கருத்து என்ன?"

கண்ணையன் அப்பாவின் மண்டியை நினைத்துக்கொண்டான். "தராசைச் சும்மா தொங்க விடக் கூடாதுங்க. நஷ்டம் வரும்."

வகுப்பே சிரித்தது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"போகட்டும். வெங்காயத்துல ஒரு செல் காட்டு."

கூடையில் இருந்ததிலேயே பளபளப்பான வெங்காயத்தைக் கண்ணையன் எடுத்தான். சிவந்த மேல்தோலை உரித்துக் கண்ணாடித் தகட்டில் வைத்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, மெல்லிய கண்ணாடியைப் பொத்தென்று மேலே போட்டான்.

"தெரியுதுங்க சார்! உருண்டை உருண்டையா, கறுப்பு விளிம்போட!"

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். "இது காத்துக் குமிழி."

கமலவேணி டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டார். அவர் வாய் திறக்கக் கூடாது என்பது இன்ஸ்பெக்டரின் உத்தரவு. பெட்டி மூடி கிறீச்சிட்டது. பஸ் ஹாரன் அடித்தது.

"சார், அஞ்சு நிமிஷம் குடுங்க." கடைசி வரிசையில் செங்கமலம் எழுந்து நின்றாள்.

"பஸ் போயிடும்மா."

"நாலு."

"ரெண்டு."

"மூணுங்க சார். பஸ்ஸுல இன்னும் கரியே பத்தலை, புகைதான் வருது."

இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியே பார்த்தார். உண்மைதான். "சரி, மூணு. ஆனா அவன்தான் செய்யணும். நீ சொல்லிக் குடுக்கக் கூடாது."

"சொல்லலைங்க சார், கேக்கத்தான் போறேன்." செங்கமலம் கண்ணையன் பக்கம் திரும்பினாள். "உங்கப்பா மேலாப்புல மட்டும் பாத்துட்டா மூட்டைக்கு விலை பேசுவாரு?"

"அடிவரைக்கும் கையை விடுவாரு. நல்லதைத்தான் மேல அடுக்கி வெச்சிருப்பானுங்க."

"பெறவு நீ எதைப் பாத்தே?"

கண்ணையன் விழித்தான். அடுத்த நொடி வெங்காயத்தைப் பிளந்தான். சதையின் உட்பக்கத்திலிருந்து கண்ணாடிபோன்ற மெல்லிய சவ்வை நகத்தால் எடுத்தான். இந்தத் தடவை மேல்கண்ணாடியை ஓரத்திலிருந்து சாய்த்து மெதுவாக இறக்கினான்.

"சுவரு தெரியுது. நடுப்புள்ளி தெரியலையே!"

"சாயம் போட்டாத்தானே தெரியும்னு டீச்சர் சொன்னாங்க?"

"சாயத்துக்கு எங்க போவேன்?"

செங்கமலம் அவனுடைய முழங்காலைப் பார்த்தாள். நேற்று விழுந்த காயத்தில் டிங்சர் பழுப்பாகக் காய்ந்திருந்தது.

கண்ணையன் மருந்து அலமாரிக்கு ஓடினான்.

ஒரு சொட்டு டிங்சர். இரண்டாவது ஹாரன். கண்ணையன் குனிந்தான்.

"சார்! செங்கல் சுவரு மாதிரி இருக்கு. ஒவ்வொரு செங்கல்லும் ஒரு செல்லுங்க. உள்ள இருக்கிற பழுப்புப் புள்ளிதான் உட்கரு. செல்லோட வேலையை நடத்துறது அதுதான்."

இன்ஸ்பெக்டர் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"பாட்டு இன்னும் பாக்கி இருக்கு," என்றார் குனிந்தபடியே.

கண்ணையன் அவசரப்படவில்லை. மனதுக்குள் பாட்டின் அடிவரைக்கும் போய் வந்தான்.

"நஷ்டம்னு பாட்டுல எங்கயும் இல்லைங்க சார். குஞ்சு பறந்த பிறகும் தட்டுல இருந்த துரும்பை அவரு எடுத்துப் போடலைன்னு கடைசியில வருது. அது தன் கடை மட்டும் இல்ல, குருவிக்கும் வூடுன்னு நினைச்சிட்டாரு."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். பெட்டியை மேசை நடுவுக்குத் தள்ளிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

வகுப்பு கூச்சலிட்டது. செங்கமலம் மட்டும் அவர் பின்னால் ஓடினாள்.

"சார், பெட்டியை விட்டுட்டீங்க, சரி. சாவி?"