பாதியில் நிற்க வேண்டிய ரத்தக் குழாய்கள்

காலை 10.15. இருட்டாக்கிய நுண்ணோக்கி அறையில் பேராசிரியரும் முனைவர் பட்டத்துக்கு வந்த இரண்டு தேர்வாளர்களும் மாறி மாறிக் குனிந்து பார்த்தார்கள். வரிக்குதிரை மீனின் கருவில் ரத்தக் குழாய்கள் மட்டும் பச்சையாக ஒளிர்ந்தன. பாதியில் நின்றிருக்க வேண்டியவை முதுகு வரை வளர்ந்திருந்தன.

ஆய்வு மாணவி கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு நாலு வருடம் மாடாய் உழைத்துக் கண்டது இதுதான். குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் ஒரு ஜீனை, மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற குட்டித் துணுக்கு அடக்கி வைக்கிறது. ஊசி போட்டுத் துணுக்கை முடக்கினால் ஜீன் தலைதூக்கும், குழாய்கள் பாதியில் நின்றுவிடும். பேராசிரியர் முன்பு எழுதிப் பேர் வாங்கியதற்கு இது நேர் எதிர். அவள் முடிவு பொய் என்று அவரே புகார் கொடுத்தார், தேர்வாளர்கள் முன் நிரூபிக்கச் சொன்னார், கருக்கள் இருந்த கண்ணாடித் தட்டை அவளைத் தொடவும் விடவில்லை. பெண் தேர்வாளர்தான் மூடியில் அவள் பெயரைப் பார்த்து எடுத்து வந்தார்.

"எல்லாம் புளுகு. பட்டத்தை மறந்துடு," என்றார் பேராசிரியர்.

"மூணு தடவை பார்த்தேன் சார். நீங்க ஒரு தடவைகூட வந்து பார்க்கல."

10.40. புகாரை விசாரிக்கப் பல்கலைக்கழகக் கண்காணிப்பு அதிகாரி வந்தார். போலீஸ் வேலையை விட்டு வெகுநாளாகியும் எல்லோருக்கும் அவர் இன்ஸ்பெக்டரம்மாதான். கருக்களை வெதுவெதுப்பாக வைக்கும் பெட்டிக்கு மூன்று சாவி. மாணவி, மீன்களை வளர்க்கும் மீன் அறைக்காரர், பேராசிரியர், ஆளுக்கொன்று.

"தட்டு உன்னுதுதானா?"

"மூடியில என் பேர் இருக்கு மேடம்."

"தட்டுல?"

"எழுத மாட்டேன். அடியில எழுதினா நுண்ணோக்கியில மறைக்கும்."

"ஊசி போட்டப்புறம் வேற என்ன செய்வே?"

"முதல் நாளே தண்ணியில ஒரு மருந்து கலப்பேன். கரு கறுக்காது. கறுத்துட்டா உள்ள இருக்கிற குழாய் சரியா தெரியாது."

அடுத்தது மீன் அறைக்காரர்.

"பெட்டியில வேற யார் தட்டு?"

"என்னோடது ஒண்ணு. அதே பச்சை மீன், அதே வயசு. வளர்க்கிறதுக்கு, வெறும் தண்ணியில."

"நேத்து தொட்டீங்களா?"

"மத்தியானமே கிளம்பிட்டேன். மச்சானை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு."

கடைசியாகப் பேராசிரியர்.

"நீங்க?"

"நான் ஏன் தொடறேன்? இருட்டு அறையில உட்கார்ந்து எல்லாரோடயும் பார்த்ததோட சரி."

"கரு எப்படி இருந்துச்சு?"

"நல்லா கொழுகொழுன்னு, கண்ணெல்லாம் கறுகறுன்னு. ஊசி போட்ட மாதிரியே இல்ல."

12.05. இன்ஸ்பெக்டரம்மா எல்லோரையும் நுண்ணோக்கி அறைக்கு அழைத்து, விளக்கைப் போட்டார்.

"இப்ப பாருங்க. கண்ணு கடுகு மாதிரி கறுப்பா இருக்கு. மருந்துத் தண்ணியில வளர்ந்த கருவுக்கு இப்படி வராது. இது இந்தப் பொண்ணோட தட்டே இல்ல. மூடி மட்டும்தான் இவளோடது. ரெண்டு மூடியையும் மாத்தி வைக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது."

"மீன் அறைக்காரன் கவனமில்லாம மாத்தியிருப்பான்," என்றார் பேராசிரியர்.

"இருக்கலாம்னுதான் நானும் நினைச்சேன். ஆனா இருட்டுல பச்சைக் குழாய் மட்டும்தானே தெரியும்? கண்ணு கறுப்புன்னு உங்களுக்கு யார் சார் சொன்னது? வெளிச்சத்துல அந்தத் தட்டைத் திறந்தவருக்குத்தானே தெரியும்."

பேராசிரியர் கோழிக் கருவில் பேர் வாங்கியவர். கண் கறுத்திருந்தால் நல்ல கரு என்று நினைத்துவிட்டார். மருந்து கலப்பது இந்த ஆய்வகத்தில் அன்றாட வேலை. தன் மாணவி என்ன செய்கிறாள் என்று ஒருநாள் கேட்டிருந்தாலும் தெரிந்திருக்கும். நாலு வருடம் எட்டிப் பார்க்காத மனிதர் அந்தப் பெட்டியைத் திறந்தது அவள் வாழ்க்கையைக் கெடுக்கத்தான். 

மீன் அறைக்காரரின் மூடி போட்ட தட்டை இன்ஸ்பெக்டரம்மா நுண்ணோக்கியில் வைத்தார். வெளுத்த கண்கள். விளக்கை அணைத்ததும் பெண் தேர்வாளர் குனிந்தார்.

"பாதியிலதான் நிக்குது," என்றார். "எல்லாத்துலயும்."

பேராசிரியர் கதவுப் பக்கம் நகர்ந்தார். மாணவி நுண்ணோக்கியின் முன்னிருந்த நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"உட்காருங்க சார். இப்பவாவது பாருங்க."