கக்கத்தில் ஒரு பிளாஸ்க்

அவன் அவளுடைய கண்களைப் பார்க்கவில்லை... கையைத்தான் பார்த்தான். யமிலாவுக்கு முதல் சந்தேகம் அங்கேதான் விழுந்தது.

மொந்தெவிதேயோவின் கடற்கரைச் சாலையில் தூறல் ஆரம்பித்திருந்த சாயங்காலம். ஊரே நடப்பதுபோல் அவளும் நடந்துகொண்டிருந்தாள். இடது கக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க், அதே கையில் மாத்தே என்னும் மூலிகைத் தேநீர்க் குடுவை, அதே மணிக்கட்டில் சுற்றிய நாய்க் கயிறு. எதிரே ஒரு காது மடிந்த கிழட்டு நாயோடு உயரமாக ஒருவன் வந்தான். அவ்வளவுதான்... அவளுடைய நாய் பிஸ்கோச்சோ உறுமிக்கொண்டு பாய்ந்தது. பிளாஸ்க் நழுவியது. வெந்நீர் முழுக்க அவன் ஷூவில்!

திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். பரவாயில்லை என்று சிரித்தான், கன்னத்தில் குழி விழ. கஸ்தோனும் இப்படித்தான் சிரிப்பான். கல்யாணத் தேதி குறித்துவிட்டு, குட்டி நாயை அவள் மடியில் போட்டுவிட்டு, பார்சிலோனாவுக்கு விமானம் ஏறிய மகராசன் அவன்! அன்றிலிருந்து யமிலாவுக்கு அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்ற கதைதான்.

பிஸ்கோச்சோ மீது குடியிருப்பில் ஏற்கெனவே இரண்டு புகார்கள். மூன்றாவது வந்தால் நாய் வெளியேற வேண்டும் என்று நிர்வாகம் எழுத்திலேயே கொடுத்துவிட்டது. அது போய்விட்டால் வீட்டில் அவளுக்கென்று ஓர் உயிர் கிடையாது. மறுநாள் லிப்ட் கதவு திறந்தால்... உள்ளே அதே ஆள், அதே கிழட்டு நாய். நாலாவது மாடிக்குப் புதிதாக வந்திருக்கிறானாம், பெயர் வால்டெமாராம். மூன்றாவது புகார் பெட்டி படுக்கையோடு குடிவந்துவிட்டது என்றே அவள் நினைத்தாள்.

பிறகு தினமும் கடற்கரையில் அவன் கண்ணில் பட்டான். தினமும் அவள் கையையே பார்த்தான். என்ன கணக்குப் போடுகிறான் இவன்? ஐந்தாம் நாள் பொறுக்க முடியாமல் நேரே போய்க் கேட்டுவிட்டாள்.

"ஏன் என் கையையே பார்க்கிறீங்க? என் நாய்க்கு ஆளைத் தெரியும். கெட்டவங்களைப் பார்த்தாத்தான் உறுமும்."

"அப்போ நேத்து தள்ளுவண்டியில போன கைக்குழந்தையும் கெட்டதாங்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"கோச்சுக்காதீங்க. நான் துறைமுகத்துல கிரேன் ஓட்டுறவன், கயித்தைத்தான் முதல்ல பார்ப்பேன். எதிர்ல யாராவது வந்தா நீங்க பிளாஸ்கை இறுக்கி இடுக்குறீங்க. கை மேலே ஏறுது, கயிறு அது கழுத்தைப் பிடிக்குது. எதிர்ல வர்றவனாலதான் வலிக்குதுன்னு அது நினைக்காதா? சந்தேகம் நாய்க்கு இல்லைங்க... உங்களுக்கு."

சுருக்கென்று தைத்தது. உண்மையாக இருந்ததால் இன்னும் கொஞ்சம் ஆழமாகவே தைத்தது. உங்கள் கிரேனை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தவள், ஒரு வாரம் லிப்ட் பக்கமே போகாமல் படியேறினாள். அந்தக் கன்னக்குழி மட்டும் படியேறியும் கூடவே வந்து தொலைத்தது.

எட்டாம் நாள், வாசல் காவலுக்கு இருக்கும் பெர்லா ஒரு கடிதத்தை நீட்டினாள். பிஸ்கோச்சோவைப் பற்றி நாலாவது மாடிக்காரர் நிர்வாகத்துக்கு எழுதியதாம், யமிலாவுக்கும் ஒரு பிரதி. பிரித்துப் பார்க்கவில்லை அவள். எதற்கு? நினைத்ததுதானே! கண் கலங்க, கொட்டும் மழையில் கக்கத்துப் பிளாஸ்கோடு நாயையும் இழுத்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடினாள். பேருந்து நிழற்குடையின் கீழ் கிழட்டு நாயோடு ஒதுங்கி நின்ற வால்டெமாரிடம் கடிதத்தை நீட்டி, இதற்குத்தானா அந்தச் சிரிப்பு என்று கேட்டாள்.

"படிச்சிட்டுத் திட்டுங்க" என்றான் அவன். "பிளாஸ்கை இப்படிக் கொடுங்க."

தயங்கினாள்... அந்த பிளாஸ்கை அவள் யாரிடமும் கொடுத்ததில்லை. கொடுத்தாள். இடது கை தன்னால் இறங்கியது. கடிதத்தைப் பிரித்தாள்.

அன்றைக்கு வெந்நீர் கொட்டியதில் நாயின் தவறு எதுவும் இல்லை, அது யாரையும் கடிக்கவில்லை, அதற்கு நான் பொறுப்பு, தினமும் மாலையில் அதோடு நானும் நடக்கிறேன் என்று கோணல்மாணலான எழுத்தில் எழுதியிருந்தது. வரிகள் மங்கின. குனிந்து பார்த்தாள். கயிறு தொய்ந்து தரையில் கிடந்தது. பிஸ்கோச்சோ கிழட்டு நாயின் மடிந்த காதை மோந்துவிட்டு, அதன் பக்கத்திலேயே சொகுசாகப் படுத்துக்கொண்டது. உறுமலே இல்லை.

"அதுல ஒரு பொய் இருக்குங்க" என்றான் வால்டெமார் மெதுவாக.

பழைய பயம் ஒரு கணம் எட்டிப் பார்த்தது. என்ன பொய் என்று கேட்டாள்.

"நாய்க்காகத் தினமும் வர்றேன்னு எழுதியிருக்கேன்... நாய்க்காக மட்டும் இல்லை. உங்களைப் பிடிச்சிருக்கு. கையைப் பார்த்தது கயித்துக்காக. கண்ணைப் பார்க்காதது... தைரியம் இல்லாம."

இப்போது பார்த்தான். மழையில் நனைந்த இமைகளோடு அவளும் பார்த்தாள்.

"எனக்கு அந்தச் சந்தேகம் முதல் நாளே இருந்துச்சு" என்றாள் யமிலா. "எனக்கும்தான் பிடிச்சிருக்கு. போதுமா?"

மழை விட்டதும் நாலு பேரும் நடந்தார்கள். பிளாஸ்க் அவன் கக்கத்தில் இருந்தது. அவள் திருப்பிக் கேட்கவில்லை.