முத்துமாலையின் டிரான்ஸ்பார்மர்கள்

பாட்டு நின்ற பிறகும் ஸ்பீக்கருக்குள் யாரோ மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். கேசட்டாக இருந்தால் நாடா இரைகிறது என்று அம்மையப்பன் விட்டிருப்பார். இது சி.டி. பிளேயர். மேலப்பாளையம் தாஜ் முகம்மது துபாயிலிருந்து கொண்டுவந்தது. சத்தம் காதைக் கீறுகிறது, சரிபண்ணித் தாருங்கள் என்று கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தொண்ணூற்றைந்து ஐப்பசி. சாயங்கால மழை வண்ணார்பேட்டை ஓட்டுக்கூரைகளில் விடாமல் இறங்கிக்கொண்டிருந்தது; ஆற்றில் வெள்ளம் ஏறும் ஓசையும், ஈயம் பற்றவைத்த புகையும், ஈரச்சுவரின் நெடியும், இவற்றுக்கெல்லாம் அடியில் அந்த மூச்சும் அவர் ரிப்பேர் கடையாக்கியிருந்த முன்னறையில் நிறைந்திருந்தன. மனைவி உலகம்மை ஆழ்வார்திருநகரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். வீட்டில் வேறு ஆள் இல்லை.

பிளேயருக்குள் அவர் செய்த வேலை சின்னதுதான். வட்டில் உள்ள எண்களைச் சத்தமாக மாற்றுகிற சில்லுக்கு அடுத்தபடி இருந்த ஐ.சி.க்களைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் கட்டைவிரல் பருமனில் இரண்டு டிரான்ஸ்பார்மர்களை வைத்தார். ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு சுருள். ஒன்றின் கம்பி மற்றதைத் தொடாது. ஆனாலும் பாட்டு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்விடும். போட்டுப் பார்த்தபோது நாதஸ்வரக்காரர் எதிரே உட்கார்ந்து வாசிப்பதுபோல் இருந்தது. அப்படிப்பட்ட சாமான் இங்கே கடையில் கிடைக்காது. அதனால்தான் முத்துமாலையின் ஆம்ப்ளிஃபயரிலிருந்து எடுத்தார். கழற்றும்போது கை கூசியது. கூசினாலும் கழற்றினார்.

முத்துமாலை மைக் செட் வைத்திருந்தவன். அம்மன் கோயில் ஆடிக் கொடையன்று காலையில் ஆம்ப்ளிஃபயர் இரைகிறது என்று தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். எங்கே கோளாறு என்று தேடப் பொறுமையில்லாமல், அம்மையப்பன் ஷாக் அடிக்காமல் காக்கிற எர்த் கம்பியை வெட்டிவிட்டார். இரைச்சல் போய்விட்டது. "அண்ணாச்சி கை பட்டா நிக்காம இருக்குமா!" என்று சிரித்துக்கொண்டே போனான். கொடையில் சாரல் விழுந்தது. மைக்கைப் பிடித்த முத்துமாலையால் அதை விடமுடியவில்லை.

கொடைக்குக் கரண்டு லைன் இழுத்த அவன் மைத்துனன் மந்திரமூர்த்திதான் தப்பாகக் கம்பி கொடுத்துவிட்டான் என்று ஊர் சொன்னது. அம்மையப்பனும் கூட்டத்தில் நின்று தலையை ஆட்டினார். அப்புறம் முத்துமாலையின் பெண்டாட்டி, கண்ணில் படாமல் கொண்டுபோங்கள் என்று ஆம்ப்ளிஃபயரை அவரிடமே கொடுத்தாள். வெட்டுப்பட்ட கம்பியைத்தான் முதலில் பிடுங்கி ஆற்றில் எறிந்தார். நானெல்லாம் ஒரு மனுசனா என்று அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது.

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றினார்கள். தலை சொட்டச்சொட்ட மந்திரமூர்த்தி உள்ளே வந்தான்.

"அக்கா வாசப்படி ஏற விடமாட்டேங்கா அண்ணாச்சி. புருசனக் கொன்னவன்னு சொல்லுதா. நீங்க மிசினப் பிரிச்சுப் பாத்தவரு, நீங்க ஒரு வார்த்த சொன்னா நம்புவா. என் கையாலதான் அத்தான் போனாரா?"

சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் கடை போகும். பேர் போகும். போலீஸ் வரும்.

"லைன்லதான் கோளாறுன்னு தோணுது லே," என்றார் அம்மையப்பன்.

மந்திரமூர்த்தி தரையில் குந்தி, முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவரால் அதைப் பார்க்க முடியவில்லை.

ஸ்பீக்கரில் மூச்சு நின்றது.

பிறகு, பைய, ஒரு தட்டல். இன்னொன்று. மைக்கை விரலால் தட்டிப் பார்க்கிற சத்தம்.

"அண்ணாச்சி."

முத்துமாலையின் குரல்.

மந்திரமூர்த்தி தலையைத் தூக்கினான். "அத்தான்?" எழுந்து ஓடினான். பிளேயரின் தகர மூடியை இரண்டு கையாலும் பிடித்தான்.

பிடித்தவன் விடவில்லை.

தோள் உதறியது. பல் கிட்டியது. அம்மையப்பன் பாய்ந்துபோய் பிளக்கைப் பிடுங்கினார். பிளேயரின் பச்சை விளக்கு அணைந்தது. உதறல் நிற்கவில்லை.

"எர்த்த யாரு வெட்டினா அண்ணாச்சி?"

பிளக் அவர் கையில் இருந்தது. வயர் தரையில் கிடந்தது.

"சொல்லுங்க. இவன விட்டுருதேன்."

நான்தான். அவ்வளவு சொன்னால் போதும். மந்திரமூர்த்தியின் கண்கள் அவரைப் பார்த்தன. அவனுக்கும் கேட்கிறது. எல்லாம் கேட்கிறது.

சொன்னால் இவன் பிழைப்பான். பிழைத்தால் ஊரில் சொல்வான்.

அம்மையப்பன் வாயைத் திறந்தார்.

மூடினார்.

ஸ்பீக்கர் காத்திருந்தது. அவசரமே இல்லாமல். தகர மூடியின்மேல் பத்து விரலும் கருகத் தொடங்கியிருந்தன. மந்திரமூர்த்தியின் கண்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.