ரேடியேட்டரில் ஒரு கைப்பிடி மஞ்சள்

"யோவ், தொடாதய்யா!"

பாண்டிச்செல்வி கத்திய கத்தலில் குளத்தோரம் நின்ற கொக்குகள் எல்லாம் பறந்துவிட்டன. கத்தியதோடு விட்டாளா? ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போன அந்தக் கையில் பட்டென்று ஓர் அடியும் வைத்தாள்.

கைக்குச் சொந்தக்காரன் திரும்பிப் பார்த்தான். அப்போதுதான் அவளும் அவனைச் சரியாகப் பார்த்தாள். நெற்றியெல்லாம் வியர்வை... அகலமான கண்கள்... அடி வாங்கியும் அந்தக் கண்களில் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏங்க, ஒத்தாசை பண்ண வந்தவன அடிக்கிறீங்க?"

"கொதிக்கிற வண்டியில மூடியத் தொறந்தா மூஞ்சி வெந்து போகும். அம்புட்டு ஆசையா இருந்தா தொறங்க, நான் தள்ளி நின்னுக்கிறேன்."

அவன் கையை எடுத்துக்கொண்டான். பானெட்டுக்குள்ளிருந்து ஆவி புஸ்ஸென்று வந்துகொண்டே இருந்தது, கீழே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழக்குயில்குடி சாலையில் வைகாசி வெயில் மண்டையைப் பிளந்தது. யாராவது தெரிந்தவர்கள் இந்த வழியாக வந்துவிடுவார்களோ என்று பாண்டிச்செல்வி சாலையின் இரு பக்கமும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பயம் இல்லாமலா? இந்த வாடகைக் கார் அவள் அப்பா கண்ணுச்சாமி ஓட்டியது. சர்க்கரை வியாதி அவர் பார்வையைப் பறித்த பிறகு இவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். அண்ணன் அழகுபாண்டிக்கு அது பிடிக்கவே இல்லை. சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாடியும் சொல்லிவிட்டான். "நீ வண்டியப் பாத்துக்கிற லட்சணத்துல அது ரோட்டுல நின்னுச்சுன்னா, சாவி என் கைக்கு வந்துரணும். வண்டிய வித்துட்டு உன்னைய ஒரு எடத்துல கட்டிக் குடுத்துருவேன்." இவளும் ரோஷத்தில் சரி என்றுவிட்டாள். இன்றைக்குப் பார்த்து வண்டி நிற்கிறது!

"தண்ணி வேணும்ல? அந்தா போர் மோட்டார் ஓடுது, புடிச்சிட்டு வாரேன்," என்றான் அவன்.

"போர் தண்ணி உப்பு. ரேடியேட்டர அரிச்சுத் தின்னுரும். நல்ல தண்ணிதேன் வேணும், நானே வாங்கிக்கிறேன். நீங்க எதையும் தொடாம நிக்கிறீங்களா?"

"நிக்கிறேன்... நிக்கிறேன்..."

தூரத்து வீட்டில் கெஞ்சிக் கேட்டு ஒரு குடம் நல்ல தண்ணீர் வாங்கிக்கொண்டு அவள் திரும்பி வர நேரமாகிவிட்டது. வண்டி ஆறியிருந்தது. மூடி திறந்திருந்தது. அவன் இரண்டு கையையும் தட்டிக்கொண்டிருந்தான். இரண்டு கையும் மஞ்சள்.

"என்னய்யா பண்ணுன?"

"கொஞ்சம் மஞ்சப்பொடி போட்டேன். ஓட்டை தானா அடைச்சுக்கும். எங்கப்பா டிராக்டருக்கு இதுதேன் வைத்தியம்."

"ரேடியேட்டர்ல மஞ்சப்பொடியா? இங்க என்ன சாம்பாரா கொதிக்குது? பருப்பும் போட வேண்டியதுதான!"

"பருப்பும் இருக்கு, வேணுமா?" என்று தன் ஸ்கூட்டரைக் காட்டினான். முன்னும் பின்னும் மளிகைச் சாமான். தொங்கிய பையில், 'சித்தார்த் சமையல், கல்யாணம் காதுகுத்துக்கு அணுகவும்' என்று அச்சடித்து, கீழே செல் நம்பர்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீரை ஊற்றினாள். எரிச்சல் என்னவென்றால்... சொட்டு நின்றுவிட்டது! நன்றி சொல்ல வாய் வரவில்லை. கதவைப் படாரென்று சாத்திவிட்டு வண்டியை எடுத்தாள். பக்கக் கண்ணாடியில் அவன் அந்த மஞ்சள் கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு நின்றான். அவள் சிரிக்கவில்லை.

பொய் சொல்வானேன், சிரித்தாள்.

மறுநாளே ரேடியேட்டர் கடைக்குப் போய் மஞ்சளைக் கழுவிவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். முகூர்த்த சீசன் விட்டால்தானே? சவாரிக்கு மேல் சவாரி. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் அண்ணனையும் ஏற்றிக்கொண்டு வெளியூர் நிச்சயதார்த்தம் ஒன்றுக்குப் புறப்பட்டாள். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் சூட்டு முள் ஏறியது... ஏறியது... சிவப்பைத் தொட்டது. முன்னால் ஆவி. பின்னால் பஸ்காரர்களின் ஹாரன். பக்கத்தில் அழகுபாண்டியின் நீட்டிய கை.

"சாவி."

"கடையில காட்டுவோம்ணே. என் தப்புன்னு தெரிஞ்சா நானே தாரேன்."

வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் முத்திருளன் ரேடியேட்டர் கடையில் நிறுத்தினார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. எல்லாம் அந்த மஞ்சள் கையால் வந்த வினை! அந்தப் பையில் இருந்த நம்பரை அடித்தாள். அது எப்படி மனப்பாடமாக இருந்தது என்று மட்டும் அவளிடம் கேட்டுவிடாதீர்கள்.

"யோவ் மஞ்சப்பொடி!"

"அடேங்கப்பா... கூப்பிட இம்புட்டு நாளா?"

"பல்லக் காட்டாத. ஆரப்பாளையம் முத்திருளன் கடைக்கு இப்ப வார. நீ போட்ட மஞ்சள நீயே வந்து கழுவு!"

பந்தியை ஆளிடம் ஒப்படைத்துவிட்டு, சாம்பார் வாசனையோடு அவன் வந்து நின்றபோது, முத்திருளன் ரேடியேட்டரைக் கழற்றி மேல் தொட்டியைப் பிரித்திருந்தார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். குழாய் வாய்களில் வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு. அதன்மேல் மஞ்சள் அப்பியிருந்தது.

"மஞ்சள் நேத்து வந்த விருந்தாளி பாப்பா. இந்த உப்பு ரொம்ப நாளா குடியிருக்கு," என்றார் முத்திருளன். "வண்டியக் குளிர வைக்க கூலன்ட்டா ஊத்துறீங்க இதுல? எவரோ போர் தண்ணிய ஊத்தி ஊத்தி நாசம் பண்ணிருக்காங்க."

பாண்டிச்செல்விக்குத் திக்கென்றது. அன்றைக்கு ஊற்றிய நல்ல தண்ணீரையும் கூலன்ட்டையும் தவிர அவள் கையால் எதையும் ஊற்றியதில்லையே... பிறகு யார்?

அப்பா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மடியில் அவருடைய பழைய தண்ணீர்க் கேன். வெளியூர் புறப்பட்டால் அதை விட்டுவிட்டு வர மாட்டார். விடியற்காலையில் வாசலில் பானெட் திறக்கும் சத்தம் கேட்கும். அப்பா வண்டியைத் துடைக்கிறார் என்று நினைத்துக்கொண்டு புரண்டு படுப்பாள். பழைய டிரைவர்கள் காலையில் தாங்கள் டீ குடிக்கும் முன்னால் வண்டிக்குத் தண்ணீர் காட்டுவார்கள். பார்வை போன பிறகும் அவர் அதை நிறுத்தவில்லை! தெருக்குழாயில் வருவது போர் தண்ணீர்தானே...

அப்பாவுக்கும் புரிந்துவிட்டது. கேனை மடியோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

யார்மேல் கோபப்படுவாள்? டிரைவர் வேலையில் அவருக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு கேன் தண்ணீர்தான். அண்ணனுக்குத் தெரிந்தால் கடைவீதியில் வைத்தே அவரைக் கிழித்துவிடுவான்.

"யாரு ஊத்துனது?" அழகுபாண்டி கத்தினான்.

கண்ணுச்சாமி வாயெடுத்தார். "அது... நாந்..."

பாண்டிச்செல்வி சட்டென்று சாவியை நீட்டினாள். "இந்தாண்ணே. வாங்கிக்க. எதுவும் கேக்காத."

"அண்ணே, வாங்காதீங்க!" சித்தார்த் நடுவில் வந்து நின்றான். "தப்பு என்னோடது. கீழக்குயில்குடியில வண்டி ஓரமா நின்னுச்சு, இவங்க குடிக்கத் தண்ணி வாங்கப் போயிருந்தாங்க. ரேடியேட்டர் சொட்டுறதப் பாத்துட்டு நானா போர் தண்ணிய ஊத்தி, மஞ்சளையும் போட்டேன். இவங்க என்னைய அடிக்கக்கூட செஞ்சாங்க."

ஒரு நாள் ஊற்றிய தண்ணீரில் இவ்வளவு உப்பு படியாது என்று முத்திருளனுக்குத் தெரியும். அவர் இருமிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். ஜவுளிக்கடையில் துணி கிழிக்கும் அழகுபாண்டிக்கு அது எங்கே தெரியப் போகிறது? பாய்ந்து சித்தார்த்தின் சட்டையைப் பிடித்தான்.

"அடுத்தவன் வண்டியில கை வைக்கிற... அறிவில்ல உனக்கு?"

"இல்லண்ணே."

அழகுபாண்டி சட்டையை விட்டான். தங்கையை முறைத்தான். "சரி பண்ணிட்டு வந்து சேரு," என்று ஆட்டோவைக் கூப்பிட்டான். சாவி அவள் கையிலேயே இருந்தது. ஏறப் போன கண்ணுச்சாமி துழாவித் துழாவி சித்தார்த்தின் தோளைத் தேடிப் பிடித்தார். அழுத்திவிட்டுப் போனார்.

ஆட்டோ தெருமுனை தாண்டவில்லை, கோடை மழை சடசடவென்று இறங்கியது. இருவரும் கடைத் தகரத்துக்குக் கீழே ஒதுங்கினார்கள். பாண்டிச்செல்வி வெடித்தாள்.

"எதுக்குய்யா பொய் சொன்ன? எங்கண்ணன் சட்டையப் புடிக்கிது, மரம் மாதிரி நிக்கிற! எனக்காகப் பொய் சொல்ல நீ யாரு?"

"சொல்லலைன்னா சாவியக் குடுத்திருப்பீங்க."

"என் சாவி. குடுப்பேன், குப்பையில எறிவேன். உனக்கென்ன?"

முதல் தடவையாக அவன் முகம் சிவந்தது. "எனக்கென்னவா? அன்னைக்கு வண்டி எடுக்குறப்ப கண்ணாடியில சிரிச்சீங்கள்ல... நான் பாத்துட்டேன். அதுலருந்து ஒரு கல்யாணத்துலயும் உப்பு சரியா போடல நானு! பந்திக்குப் பந்தி ஏச்சு வாங்குறேன். ரோட்டுல எந்த வெள்ளைக் காரப் பாத்தாலும் ஸ்கூட்டர நிறுத்திடுறேன். உங்களப் புடிச்சிருக்குங்க... வண்டி ஓட்டுற உங்களத்தேன் புடிச்சிருக்கு. அந்தச் சாவி உங்க கையிலயே இருக்கணும். கல்யாணத்துக்கு அப்புறமும்."

"யாரு கல்யாணத்துக்கு?"

"நம்ம..." அவன் குரல் மழைச் சத்தத்தில் இறங்கிப்போனது.

அவள் கண்கள் நிறைந்துவிட்டன. அதற்கும் அவன்மேல்தான் கோபம் வந்தது. சுடிதார்த் துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"எங்கப்பா தண்ணி ஊத்துறத நான் நிறுத்த மாட்டேன். ராத்திரியே அந்தக் கேன்ல நல்ல தண்ணியும் கூலன்ட்டும் கலந்து வச்சிருவேன். கூலன்ட் பச்சையா இருந்தாலும் அவருக்கு நெறம் தெரியாது. இத யாருகிட்டயும் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

"என் வண்டியில இனிமே மஞ்சப்பொடி போடக் கூடாது."

"சத்தியமா போட மாட்டேன்."

அவள் மழையைப் பார்த்தாள். காதோரம் ஈர முடி ஒட்டிக்கிடந்தது. ஒதுக்கிவிடக்கூடத் தோன்றவில்லை.

"எங்க வீட்டுக்குப் பேச வாரப்ப..." என்றாள், இன்னும் அதட்டலாகத்தான், "வேற சட்டை போட்டுட்டு வாங்க. இதப் பாத்தா எங்கண்ணன் மறுபடியும் புடிச்சிரும்."