மாடி அலமாரியும் குட்டி சாசேஜும்

மாலை ஏழேகால். மாடிப் படுக்கையறையிலிருந்து வீட்டுக்காரி அலறினாள். அலமாரியில் வெல்வெட் பெட்டி வாயைப் பிளந்து கிடந்தது. மறைந்த மாமியாரின் வைர மோதிரத்தைக் காணோம். வருங்கால மருமகள் விரலில் இன்று ஏற வேண்டிய மோதிரம்.

நிச்சயதார்த்த விருந்துக்கு முன்னதாகவே வந்திருந்த வீட்டுக்காரியின் அக்கா, போலீஸ் இன்ஸ்பெக்டர். வாசலைப் பூட்டிவிட்டு மாடியேறினார்.

“குளிக்கப் போறப்ப இருந்துச்சுக்கா. மாடியில இருந்தது இவ ஒருத்திதான்!”

தங்கை கை நீட்டிய இடத்தில் நர்ஸ் நின்றாள். படுத்த படுக்கையான மாமனாரைப் பார்த்துக்கொள்பவள்.

“திருட்டுப் பட்டம் வந்தா எந்த வீட்லயும் என்னைச் சேர்க்க மாட்டாங்க மேடம். என் பையை நீங்களே பாருங்க.”

தங்கை பிடுங்கித் தரையில் கொட்டினாள். சீப்பு, மாற்றுப்புடவை, சாப்பாட்டு டப்பா. மோதிரம் இல்லை.

“எங்கயோ ஒளிச்சு வெச்சிருக்கா. ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போக்கா.”

“இரு. வீட்ல இருக்கற எல்லார் பையையும் பாத்துடறேன்.”

தங்கையின் கணவரும் மகனும் பெண் வீட்டாரை அழைத்துவரப் போயிருந்தார்கள். மீதி இருந்தது ஒரே ஒருவர்தான்: கீழே சமையலறையில் ஏப்ரனோடு நின்ற தங்கையின் கொழுந்தன். குடும்பத்தில் எந்த விருந்தானாலும், சாஸில் புரட்டிய இறைச்சிக் குழல்களான குட்டி சாசேஜ் அவர் கைவண்ணம். தக்காளி விழுது, மிளகாய் சாஸ், ஒரு முழு பாட்டில் திராட்சை ஜாம்; இவ்வளவுதான் ரகசியம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார்.

“என் மேலயும் சந்தேகமா? தாராளமா பாருங்கக்கா. நான் அடுப்பை விட்டு நகரவே இல்ல. நகர்ந்தா அடிபிடிச்சிரும்.”

பையில் ஒரு சட்டை, கார் சாவி, நிறைந்த ஜாம் பாட்டில்.

“இது?”

“ரெண்டு வாங்கினேன். ஒண்ணு சாஸுக்கு, ஒண்ணு என் பொண்ணுக்கு.”

இன்ஸ்பெக்டர் பாட்டிலைத் திரும்ப வைத்தார். மதியம் சாப்பிடாத வயிறு. சட்டியிலிருந்து பல்குச்சியில் ஒரு சாசேஜைக் குத்தி வாயில் போட்டார். புளித்தது. அடுத்த நொடி காரம் காதுவரை ஏறியது. இன்னொன்றையும் தின்று பார்த்தார். அதே கதை.

“தம்பி, ஜாம் போட்டீங்களா?”

“முதல்லயே. முழு பாட்டிலும்.”

“காலி பாட்டில்?”

“குப்பையில.”

குப்பைக்கூடையைக் கவிழ்த்தார். தக்காளி விழுது டப்பாவும் மிளகாய் சாஸ் பாட்டிலும் உருண்டன. வேறு பாட்டில் இல்லை. பையிலிருந்ததை மறுபடி எடுத்தார். மூடியின் சீல் கிழிந்திருந்தது.

“பொண்ணுக்கு வாங்கினதை எதுக்குத் திறந்தீங்க?”

இன்ஸ்பெக்டர் பாட்டிலுக்குள் கரண்டியை விட்டுத் துழாவினார். அடியில் ‘டிங்’ என்றது.

“இவ குளிக்கறப்ப மாடிக்குப் போயிருக்கீங்க. ஜாம் வாங்கினதே ஒண்ணுதான். மோதிரத்தை உள்ள அமுக்கினப்புறம் அதை எப்படிச் சாஸுல கொட்டுவீங்க? கொட்டல. அதான் இனிப்பு பேருக்குக்கூட இல்ல.”

சமையலறை வாசலில் வந்து நின்ற தங்கையிடம் கொழுந்தன் திரும்பினார். “அது எங்கம்மா மோதிரம் அண்ணி. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“அதுக்கு அண்ணிகிட்ட சண்டை போட்டிருக்கணும்” என்றார் இன்ஸ்பெக்டர். “அந்த நர்ஸ் பொண்ணைப் போலீஸ்ல புடிச்சுக் குடுக்கப் பாத்தப்ப, வாயில என்ன சாசேஜா இருந்துச்சு?”

மோதிரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு தங்கை மாடிக்கு ஓடினாள். நர்ஸ் தரையில் உட்கார்ந்து தன் சாமான்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“பதட்டத்துல சொல்லிட்டேன்மா. மனசுல வெச்சுக்காதே. கீழ வந்து சாப்பிடு.”

நர்ஸ் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

“ஐயாவுக்கு மருந்து குடுக்கணும். இன்னிக்கு ராத்திரி இருக்கேன், அவருக்காக. காலையில வேற ஆள் பாத்துக்குங்க மேடம்.”